எனக்கு ஒன்றுமில்லை, ஊர்தான் ஒத்துக்கொள்ளாது

பேரன் பிறந்த சமயத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன், அங்கே ஒரு தேர்தல் கூட்டத்தை நேரில் பார்த்தேன் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். முப்பது ஆண்டுகள் நூலகராக இருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எந்த வரியை வாசகர் பிடித்துக்கொள்வார் என்று. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. மாவடு பதம் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: அன்று நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வெள்ளையர்கள் வாழ்ந்த அயோவாவில் ஒபாமா எப்படி ஜெயித்தார்? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.*
வாசகர், திருச்சி

2008 ஜனவரி 3, வியாழக்கிழமை. வெளியே மூச்சு விட்டால் புகையாக வருகிற குளிர். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "வேடிக்கை பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று தன் கம்பளிக் கையுறைகளை எனக்கு மாட்டிவிட்டுக் காரில் அழைத்துக்கொண்டு போனார். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கூட்டம் அப்போதெல்லாம் அங்கேதான் நடக்கும். அதைக் காகஸ் என்கிறார்கள்.

போகும் வழியில் அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "ஒபாமாவின் பேச்சைக் கேட்டால் எனக்குக் கண்ணில் நீர் வருகிறது. ஹிலாரியும் கெட்டிக்காரி. ஆனால் இந்த நாடு கறுப்பரையும் ஏற்காது, பெண்ணையும் ஏற்காது. அதனால் நான் ஜோ பைடன் பக்கம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சித்தப்பா, தன் மகளைப் பள்ளி இறுதியோடு நிறுத்தியபோது என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு ஒன்றுமில்லை, ஊர்தான் ஒத்துக்கொள்ளாது." பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பனியில், ஆங்கிலத்தில் அதே வாக்கியம்!

கூட்டம் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஓட்டுச் சீட்டு கிடையாது, மறைப்பு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. சுவரில் பெயர் எழுதிய காகிதம். உங்களுக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும், தலைகளை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர்கூடச் சேராத மூலை கலைந்துவிட வேண்டும். அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

பைடன் மூலையில் பதினொரு பேர் இருந்தார்கள். கலைத்துவிட்டார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் கைப்பையை மார்போடு அணைத்தபடி கூடத்தின் நடுவில் நின்று எதிர் மூலையைப் பார்த்தார். ஒபாமா பெயருக்குக் கீழே தெருவில் பனி அள்ளுகிற லாரிக்காரர் நின்றார். மருந்துக்கடைக்காரர் நின்றார். ஆசிரியையிடமே படித்த இரண்டு பெண்கள், ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு, நின்றார்கள். எல்லோரும் வெள்ளையர்கள். ஆசிரியை என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "இவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்." பிறகு அந்த மூலைக்கு நடந்தார்.

அன்றிரவு மாநிலம் முழுவதும் ஒபாமாவுக்கு 37.6 சதவீதம். ஜான் எட்வர்ட்ஸ் இரண்டாவது, ஹிலாரி மூன்றாவது. அதைவிட முக்கியம், அதன் பிறகு தென் கரோலினாவில் நடந்தது. அங்கே ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களிலேயே நிறையப் பேர் அதுவரை ஹிலாரி பக்கம் சாய்ந்திருந்தார்கள், வெள்ளையர்கள் எப்படியும் ஒபாமாவுக்குப் போடமாட்டார்கள், நம் ஓட்டு ஏன் வீணாக வேண்டும் என்று. அயோவாவின் கணக்கைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றது. ஜனவரி 26 அன்று அங்கே ஒபாமாவுக்கு 55 சதவீதம், ஹிலாரிக்கு அதில் பாதி.

இதை வைத்து எல்லா ஊரிலும் மறைப்பை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தக் கூடத்தில் கணவரின் கண் முன்னே மூலை தேட வேண்டியிருந்த பெண்களையும் பார்த்தேன். அவர்களில் எத்தனை பேர் ஹிலாரி பெயருக்குக் கீழே போய் நிற்கத் தயங்கினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. இரவு வேலைக்குப் போகிறவர்கள் வரவே முடியாது.

*கேள்வி: கருத்துக்கணிப்பில் மக்கள் பொய் சொல்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?*
வாசகர், சேலம்

சில நேரம் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, கறுப்பருக்கு ஓட்டு என்று கணிப்பில் சொல்லிவிட்டு, போடும்போது மாறிவிட்டார்கள் என்று. 1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் டாம் பிராட்லி, கறுப்பர், கணிப்புகளில் முன்னால் இருந்து தேர்தலில் தோற்றார். 1989இல் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் டக்ளஸ் வைல்டர், அவரும் கறுப்பர், நல்ல வித்தியாசத்தில் வருவார் என்றார்கள். ஏழாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தப்பினார். பிராட்லி தோற்றதற்குத் தபால் ஓட்டுகளே காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

எனக்குப் பொய்யைவிடக் கேள்விகளே சுவையாக இருக்கின்றன. 1937இல் கேலப் நிறுவனம், "மற்ற எல்லா வகையிலும் தகுதி இருந்தால்" ஒரு பெண்ணை அதிபராக்க ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டது. அந்த "மற்ற" என்ற சொல்லை இன்னொரு முறை படியுங்கள். பெண்ணாக இருப்பதே ஒரு தகுதிக் குறைவு என்று கேள்வி கேட்டவர்களே தீர்மானித்துவிட்டார்கள்! 33 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். 1958இல் கறுப்பினத்தவரைப் பற்றிக் கேட்டபோது 38. இப்போது இரண்டுக்கும் தொண்ணூறுக்கு மேல்.

ஆனால் 2019இல் இப்சோஸ் நிறுவனம் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டது. ஜனநாயகக் கட்சியினரிடமும் கட்சி சாராதவர்களிடமும் கேட்டார்கள்: பெண் அதிபர் வந்தால் உங்களுக்குச் சம்மதமா? 74 சதவீதம் ஆம். உங்கள் அண்டை அயலாருக்கு? 33 சதவீதம்! 1937இல் கிடைத்த அதே எண். ஒருவருக்கொருவர் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கிற அந்த மக்களிடம், சம்மதிக்காத அந்த அண்டை வீட்டுக்காரர் எங்கே குடியிருக்கிறார்? அந்த முறை ஜனநாயகக் கட்சியில் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பெண்கள் ஆறு பேர். யாரால் ஜெயிக்க முடியும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் கட்சி போய்ச் சேர்ந்த இடம் பைடன்.

*கேள்வி: நிறமா, பெண் என்பதா? இரண்டில் எது பெரிய தடை?*
வாசகி, கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியைக் கேட்டே அந்த நாட்டில் ஒரு பெரிய இயக்கம் உடைந்திருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு, கறுப்பின ஆண்களுக்கு முதலில் வாக்குரிமையா, பெண்களையும் சேர்த்துக் கொடுப்பதா என்று 1869இல் நியூயார்க்கில் வாக்குவாதம். முன்பு அடிமையாக இருந்தவர் பிரெடரிக் டக்ளஸ். பெண்களின் உரிமைக்குப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்தவரும்கூட. எங்களை வீட்டிலிருந்து இழுத்துவந்து விளக்குக் கம்பத்தில் தூக்கிலிடுகிறார்கள், எங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை என்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: கறுப்பினப் பெண்ணுக்கும் அப்படித்தானே? ஆமாம், ஆனால் அவள் பெண் என்பதால் அல்ல, கறுப்பர் என்பதால் என்றார் டக்ளஸ். இன்னொரு பக்கம், பெண்ணுரிமைக்காரரான எலிசபெத் கேடி ஸ்டான்டன், படித்த வெள்ளைப் பெண்களுக்குச் சட்டம் செய்யப் படிக்காத கறுப்பு ஆண்களா என்ற தொனியில் எழுதினார். நூலகத்தில் அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கே கூசியது.

1870இல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை, 1920இல் பெண்களுக்கு. தெற்கு மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பினப் பெண் இரண்டு கணக்கிலும் சேர்ந்தவள். நடைமுறையில் அவளுக்கு ஓட்டுக் கிடைக்க 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. நடுவில் 1913இல், வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமைக்காகப் பேரணி போனார்கள். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸை வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. தெருவோரக் கூட்டத்தில் நின்றிருந்து, தன் மாநிலமான இல்லினாய்ஸின் பெண்கள் வந்ததும் அவர்கள் நடுவில் புகுந்து நடந்தார்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லத் தகுதி உள்ளவர் ஷெர்லி சிஷோம். பார்படோஸிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்த பெற்றோருக்கு நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், குழந்தைகள் பள்ளி ஆசிரியை. 1968இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். அவரை எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் ஃபார்மர். கறுப்பர் உரிமைக்காகச் சிறை சென்ற பெரிய தலைவர்! அவருடைய பிரசாரம் என்ன தெரியுமா? வாஷிங்டனில் இந்தத் தொகுதிக்கு ஒரு ஆணின் குரல் வேண்டும் என்பது. ஆனால் அந்தத் தொகுதியில் பெண் வாக்காளர்கள் ஆண்களைவிட அதிகம். அதை ஃபார்மர் பார்க்கவில்லை, சிஷோம் பார்த்திருந்தார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

காங்கிரசில் அவரை வேளாண்மைக் குழுவில் போட்டார்கள். மாடிக் குடியிருப்புகள் நெருக்கியடிக்கும் புரூக்ளின்காரருக்கு வேளாண்மை! எதிர்த்துப் பேசியதும் முன்னாள் ராணுவத்தினர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். என் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் ராணுவத்தினர் அதிகம், பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டார். இந்த வாயாடித்தனத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கறுப்பர் என்பதால் பட்டதைவிடப் பெண் என்பதால் பட்டது அதிகம் என்பதே அவர் பலமுறை சொன்னது. அது அவர் அனுபவம். விளக்குக் கம்பம் டக்ளஸின் அனுபவம். இதைத் தராசில் வைக்க நான் யார்?

*கேள்வி: துளசேந்திரபுரத்தில் பூஜை செய்தோம், பேனர் கட்டினோம். நம் ஊர்ப் பெண் கமலா ஹாரிஸை அமெரிக்கர்கள் தோற்கடித்துவிட்டார்களே! பெண் என்பதாலா, கறுப்பு என்பதாலா, இந்தியர் என்பதாலா?*
வாசகி, மன்னார்குடி

எல்லாவற்றையும் ஒரே பையில் போட முடியாது அம்மா. 2024இல் அங்கே விலைவாசி மக்களைக் கடித்துக்கொண்டிருந்தது. பைடன் ஜூலை 21 வரை விலகாமல் இருந்ததில் கமலாவுக்குக் கிடைத்தது 107 நாள். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கவே அதைவிட அதிக நாள் ஆகிறது. அப்படியும் ஏழு கோடிக்கு மேல் வாக்குகள் பெற்றார். வாக்காளர்களில் 48 சதவீதம். அதற்கு முன் 2016இல் ஹிலாரி, ட்ரம்பைவிடச் சுமார் 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் அவர்களின் மாநிலவாரிக் கணக்கில் தோற்றார். பெண் என்பதற்காகவே எல்லோரும் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னால் அந்த ஓட்டுகளுக்கு என்ன பதில்?

தப்பெண்ணம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மாநாட்டில், இவர் முன்பெல்லாம் இந்தியர், இப்போது திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்று ட்ரம்ப் பேசினார். ஒருவருக்கு இரண்டு வேர் இருக்க முடியும் என்பதே சிலருக்குத் தலைவலி.

நீங்கள் "நம் ஊர்ப் பெண்" என்றதையும் கொஞ்சம் பார்ப்போமா? தாத்தா கோபாலனின் ஊர் உங்களுடையது. கோயில் கல்வெட்டில் நன்கொடையாளராகக் கமலா பெயர் இருப்பதும் எனக்குத் தெரியும். அவருடைய அம்மா சியாமளா 1958இல் பத்தொன்பது வயதில் தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போனார், ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பர் ஒருவரை மணந்தார், இரண்டு மகள்களையும் கறுப்பினப் பெண்களாகவே தெரிந்து வளர்த்தார். சியாமளா உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்து, அந்த மாப்பிள்ளையோடு வாசலில் வந்து நின்றிருந்தால் ஆரத்தி எடுத்திருப்பீர்களா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மகளுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவர் கறுப்பினப் பெண். முதல் நாள் அவரைப் பார்த்துவிட்டு வந்ததும், "வேறு டாக்டர் கிடைக்கவில்லையா?" என்று கேட்ட வாய் என் வாய். மகள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த மருத்துவர்தான் பேரனை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் ஒபாமா மூலையைப் பார்த்து வெள்ளைக்காரர்களை மெச்சிக்கொண்டு நின்றேன். என் யோக்கியதை இது.

*கேள்வி: உலகின் முதல் பெண் பிரதமரை 1960லேயே எங்கள் தீவு கண்டுவிட்டதே. அமெரிக்காவிடம் கற்க என்ன இருக்கிறது?*
வாசகர், யாழ்ப்பாணம்

ஐயா, சிறிமாவோ பண்டாரநாயக்க வந்தது, கணவர் 1959இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு. வீட்டு வழியாக வருவது ஒரு பாதை. நம் துணைக்கண்டத்துக்கு அது பழக்கம். அவர் ஆட்சியில் 1961இல் சிங்களம் மட்டுமே நிர்வாக மொழி என்று நடைமுறைக்கு வந்ததையும், வடக்கிலும் கிழக்கிலும் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் மேல் ராணுவம் ஏவப்பட்டதையும் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உங்களுக்கு அல்ல. 1964இல் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப சாஸ்திரியோடு கையெழுத்திட்டதும் அந்தப் பெண் பிரதமரே. கேள்வி கேட்டதற்கு நன்றி. அடுத்த கடிதத்துக்கான பதிலில் பாதியை இங்கேயே சொல்லியாகிவிட்டது.

*கேள்வி: முதன்முறையாக ஓட்டுப் போடப் போகிறேன். பெண் வேட்பாளர் என்றால் அதற்காகவே ஓட்டுப் போடலாமா?*
கல்லூரி மாணவி, சென்னை

கூடாது. பெண் என்பதற்காகவே மறுக்கவும் கூடாது. இரண்டாவதைச் செய்கிறவர்களே அதிகம்; அவர்களும் அப்படிச் சொல்வதில்லை. "அந்தம்மா நல்லவர்தான், ஜெயிக்கமாட்டார்" என்பார்கள்.

சிஷோம் 1972 ஜனவரி 25 அன்று புரூக்ளினில் ஒரு தேவாலயத்தில், அதிபர் பதவிக்கு நிற்கப்போவதாக அறிவித்தார். நான் கறுப்பர், அதில் பெருமை உண்டு, ஆனால் கறுப்பு அமெரிக்காவின் வேட்பாளர் அல்ல. நான் பெண், அதிலும் அதே பெருமை, ஆனால் பெண்கள் இயக்கத்தின் வேட்பாளர் அல்ல. மக்களின் வேட்பாளர் என்றார். கறுப்பினத் தலைவர்கள் பலர் ஆண்கள். எங்களைக் கேட்காமல் இவர் எப்படி நிற்கலாம் என்றார்கள். பெண்ணியத் தலைவிகளில் பலர் ஒரு காலை இவர் பக்கமும் இன்னொரு காலை சக போட்டியாளர் மெக்கவர்ன் பக்கமும் வைத்திருந்தார்கள். எல்லோரிடமும் ஒரே சொல்: ஜெயிக்கமாட்டார். தொலைக்காட்சி விவாதத்தில் இடம்பெறவே வழக்குப் போட வேண்டியிருந்தது. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் கிடைத்தது 152 பிரதிநிதிகளின் ஓட்டு. இவரை விட்டுவிட்டுக் கட்சி தேர்ந்தெடுத்த மெக்கவர்ன், அதிபர் நிக்சனிடம் ஐம்பதில் நாற்பத்தொன்பது மாநிலங்களை இழந்தார். இதை நினைத்தால் எனக்கு ஒரு அற்பச் சிரிப்பு வரும்.

அந்தத் தேர்தல் நடுவில் மே 15 அன்று, அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸை ஒருவன் சுட்டான். "இன்றும் நாளையும் என்றென்றும் நிறப் பிரிவினை" என்று பதவியேற்பில் முழங்கிய அதே வாலஸ். இடுப்புக்குக் கீழே உணர்விழந்து மருத்துவமனையில் கிடந்தவரைப் போய்ப் பார்த்தார் சிஷோம். உங்கள் மக்கள் என்ன சொல்வார்கள் என்று வாலஸ் கேட்டார். என்ன சொல்வார்கள் என்று தெரியும், ஆனால் உங்களுக்கு நடந்தது யாருக்கும் நடக்கக்கூடாது என்றார். வாலஸ் அழுதுவிட்டார். ஆதரவாளர்கள் கொதித்தார்கள். சில ஆண்டுகளில், வீட்டு வேலைக்காரர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்ற சட்டத்துக்குத் தென்மாநில உறுப்பினர்களின் ஓட்டுத் தேவைப்பட்டபோது அவர்களிடம் வாலஸ் பேசிக் கொடுத்தார். சிஷோமின் அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர்.

நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லமாட்டேன். வேட்பாளர் என்ன செய்தார் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதிலாக நீங்கள் ஓட்டுப் போட வேண்டாம். அவருக்கென்று ஓட்டு இருக்கிறது.

*கேள்வி: அன்று உங்களுக்கு ஓட்டு இருந்திருந்தால் எந்த மூலை?*
வாசகர், பெங்களூரு

ஹிலாரி மூலை. சிரிக்காதீர்கள். அவர் பேசும்போது இரண்டு ஆண்கள் "என் சட்டைக்கு இஸ்திரி போடு" என்று கத்திய செய்தி அடுத்த வாரமே நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்தது. நாற்பது வருடம் இஸ்திரி போட்டவள் நான். மேலே மாணவிக்குச் சொன்ன புத்திமதியை நானே மீறியிருப்பேன்.

*கேள்வி: ஷெர்லி சிஷோம் இப்போது இருக்கிறாரா?*
பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

இல்லை. 1983இல் காங்கிரசை விட்டு வந்து கல்லூரியில் பாடம் நடத்தினார். 2005 ஜனவரி 1 அன்று புளோரிடாவில் காலமானார், எண்பது வயது. அதற்குச் சில நாட்கள் கழித்து, இல்லினாய்ஸிலிருந்து தேர்வாகியிருந்த புது செனட்டர் ஒருவர் வாஷிங்டனில் பதவியேற்றார். பெயர் பராக் ஒபாமா. பத்து ஆண்டுகள் கழித்து, அந்த நாட்டுக் குடிமக்களுக்கான உயரிய பதக்கத்தை சிஷோமுக்கு மறைவுக்குப் பின் வழங்கியவரும் அவரே.